வாய் திறக்காத கணக்கப்பிள்ளை

என் பேரனுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். நான் புதுச்சேரி அரசில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மேல்நிலை எழுத்தராக வெளியே வந்தவன். "ஷெல்லில போய் யாராவது கணக்குப் போடுவாங்களா தாத்தா? பைத்தான் கத்துக்கோங்க" என்கிறான். "ஷெல் கணக்குப் போடட்டும்டா. தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்பது என் கட்சி. ஃபோனில் இரண்டு பேரும் குரலை உயர்த்தினால் என் மனைவி டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கே என்னை யாரும் இடைமறிக்க முடியாது.

ஷெல் என்றால் என்ன என்று கேட்கப்போகும் பழைய சகாக்களுக்கு இரண்டு வரி. கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டச்சு செய்கிறோமே, அவற்றை வாங்கி உள்ளே அனுப்பும் குமாஸ்தாதான் ஷெல். ஆணைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஸ்கிரிப்ட். 1990-களின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஒரு யூனிக்ஸ் இயந்திரமும் நாலு டெர்மினலும் வந்தன. மற்றவர்கள் அதன் மேல் துணி போர்த்தி வைத்தார்கள்; நான் தட்டிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் இப்போது லினக்ஸ் லேப்டாப்பில் தொடர்கிறது.

1979-இல் வந்த பழைய போர்ன் ஷெல்லுக்குக் கூட்டல்கூடத் தெரியாது. இரண்டும் இரண்டும் எத்தனை என்று அறிய 'எக்ஸ்பர்' என்று வெளியிலிருந்து ஒரு நிரலைக் கூப்பிட வேண்டும். அதிலும் பெருக்கல் குறியான நட்சத்திரத்தை அப்படியே போட்டால், ஷெல் அதை 'இந்த அறையில் உள்ள எல்லாக் கோப்புகளும்' என்று புரிந்துகொள்ளும். ஐந்தை மூன்றால் பெருக்கச் சொன்னால், ஐந்தை அலமாரியில் இருக்கும் அத்தனை ஃபைல்களோடும் மூன்றோடும் சேர்த்து நீட்டிவிட்டு, இலக்கணப் பிழை என்று கத்தும். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அது தேவலை. கத்தியதே!

பிறகு பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய ஷெல் வந்தது, 1989-இல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ் வந்தது. டாலர் குறியும் இரட்டை அடைப்பும் போட்டால் கணக்கு உள்ளேயே நடக்கும். $((7/2)) என்று கேட்டால் 3 என்று பதில் வரும். அரை எங்கே என்று கேட்கிறவர்கள் பலர். பாஷுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும்; மீதியைக் கீழே போட்டுவிடும். இதைத்தான் எல்லோரும் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. நான் குறை சொல்ல வந்தது வேறு. அதற்கு முன் ஆறு ரூபாய்க் கதையைச் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை பார்த்து இறந்துபோன ஒரு நண்பரின் மனைவி, எழுபது வயது, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். அடிப்படை 15,850 ரூபாய். அகவிலை நிவாரணம் 2024 ஜூலை முதல் 53 சதவீதம் ஆனதும், நிலுவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பென்ஷன் சீட்டைக் கொண்டுவந்தார். நான் தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதைச் செய்கிறேன். ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். பெருக்கி, நூறால் வகுத்து, 'ஆக்' என்னும் நிரலின் மூலம் தசமம் இல்லாமல் அச்சிடச் சொல்லும் ஸ்கிரிப்ட். அது மாதம் 8,400 என்றது. வங்கி 8,401 கொடுத்திருந்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத்துக்கு ஆறு ரூபாய் அதிகம். "ஒரு ரூபாதான், விடுங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். நான் எழுத்தர் புத்தியோடு, "அதிகமா வந்தா பின்னாடி பிடிப்பாங்க, சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போய், மாடி ஏறி, ஆறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, "சரியாத்தான் வந்திருக்கு, போங்கம்மா" என்றாளாம்.

அன்று மாலை காகிதத்தை எடுத்தேன். 15,850 பெருக்கல் 53. விடை 8,40,050. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் மிசியே பெருக்கல் முடிந்ததும் ஒன்பதை நீக்கிச் சரிபார்க்காமல் பலகையைக் கீழே வைக்க விடமாட்டார். 15,850-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19, பிறகு 10, பிறகு 1. 53 எட்டு. ஒன்றும் எட்டும் பெருக்கினால் 8. விடையின் இலக்கங்கள் 17, அதுவும் 8. பெருக்கல் சரி. நூறால் வகுத்தால் 8,400 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு என்றால் எந்த அலுவலகத்திலும் மேலேதான் போகும், 8,401. இயந்திரம் ஏன் 8,400 என்றது?

ஏனென்றால் அந்த அச்சிடும் ஆணை, எண் சரிபாதியில் நின்றால் பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 2.5 என்றால் 2. 3.5 என்றால் 4. 8,400.50 என்றால் 8,400. புள்ளியியல்காரர்களுக்கு அது நியாயமாக இருக்கலாம். எனக்கு அது தெரியாது, அதுவும் சொல்லவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருப்பவர்களின் அகவிலைப்படிக்கு 50 காசும் அதற்கு மேலும் அடுத்த ரூபாய், குறைந்தால் தள்ளுபடி. ஓய்வூதியருக்கு விதி வேறு: எந்தப் பின்னம் வந்தாலும் அடுத்த ரூபாய். முப்பது காசு வந்தாலும் முழு ரூபாய். சர்வீஸ் பழக்கத்தில் முதல் விதியையே மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அது முழுக்க என் குற்றம். ஆனால் நான் நினைத்த விதியைக்கூட அது செய்யவில்லையே.

இதில் எனக்கு அதிகம் உறைத்தது என்ன தெரியுமா? அதே அம்மாவுக்கு முந்தைய 50 சதவீதத்தில் 7,925 என்று ஸ்கிரிப்ட் சரியாகச் சொன்னது. 2025 ஜனவரி முதல் 55 சதவீதம், கணக்கு 8,717.50, அந்தப் பழைய ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தால் 8,718 என்று சரியாகச் சொல்கிறது, பக்கத்து இரட்டை எண் மேலே இருப்பதால். ஒரு தவணையில் தப்பு, அதற்கு முன்னும் பின்னும் சரி. இப்படிப்பட்ட எழுத்தரை எந்தக் கண்காணிப்பாளரும் பிடிக்க முடியாது.

பாஷ் இதைவிட மோசம். காற்புள்ளி விஷயத்தைப் பாருங்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் பன்னிரண்டரையை 12,50 என்றுதான் எழுதுவோம். பிரெஞ்சுக்காரருக்குத் தசமம் காற்புள்ளி. இந்த வயதிலும் அசந்தால் என் கை அப்படித்தான் எழுதும். அலுவலகத்திலோ காற்புள்ளி ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும். பாஷிடம் $((12,50)) என்று கொடுத்தேன். 50 என்றது. $((8,666)) கொடுத்தேன். 666. $((1,25,000)) கொடுத்தேன். 0.

ஒன்றேகால் லட்சம் பூஜ்யம்! ஓர் எச்சரிக்கை கிடையாது, ஒரு முணுமுணுப்பு கிடையாது. காரணம், அந்த அடைப்புக்குள் காற்புள்ளி என்றால் 'இதைக் கணக்கிடு, மறந்துவிடு, அடுத்ததைக் கணக்கிடு' என்று அர்த்தமாம். சி மொழியிலிருந்து வந்த சீதனம். கடைசித் துண்டுதான் விடை. சரி, 1,25,050 என்று கொடுத்தால் 50 ஆவது வருமா? வராது. 40 வரும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அது எட்டின் அடிமானத்து எண் என்று எடுத்துக்கொள்கிறது. 050 என்றால் ஐந்து எட்டு, நாற்பது.

இந்த முன்பூஜ்யத்தால் நான் ஓர் ஆகஸ்ட் மாதம் முழுக்க அவதிப்பட்டேன். மாத எண்ணைத் தேதியிலிருந்து எடுத்து ஒன்று கூட்டும் வரி. ஜனவரி 01 முதல் ஜூலை 07 வரை ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் முதல் தேதி $((08+1)) என்று ஆனதும் நின்றுவிட்டது. எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லையே. செப்டம்பரிலும் அதே கதை. அக்டோபரில் 10 ஆனதும் தானாகச் சரியாகிவிட்டது. எண்ணுக்கு முன்னால் 10# என்று போட வேண்டும், $((10#08+1)) என்று. இதிலாவது பிழைச் செய்தி வந்தது, நின்றது, தேடிக் கண்டுபிடித்தேன். பேரேட்டுப் பக்கம் 017 என்று கொடுத்திருந்தால் சத்தமில்லாமல் 15-ஆம் பக்கத்துக்குப் போயிருக்கும்.

அடுத்தது வெற்றிடம். ஸ்கிரிப்டில் தொகைகளுக்குப் பெயர் வைத்துக் கணக்கிடுவோம். பெயரில் ஓர் எழுத்து தவறினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்ல வேண்டாமா? பாஷ் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு மேலே போகிறது. எங்கள் காலத்தில் அறிக்கையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபைல் திரும்பி வரும். ஒன்றுமில்லை என்றால் 'நில்' என்று எழுத வேண்டும். காலி என்றால் இன்னும் பார்க்கவில்லை. நில் என்றால் பார்த்தேன், இல்லை. இந்த வித்தியாசத்தைப் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம். அறிவிக்காத பெயர் வந்தால் நிற்கும்படி ஸ்கிரிப்டின் தலையிலேயே ஆணை போடலாம் என்று கையேட்டில் இருக்கிறது. நான் கேட்பது, போடாவிட்டாலும் நிற்கக்கூடாதா?

நிற்காத இடத்தில் நிற்காதது, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும். இரண்டு கணக்குகளையும் கழித்து வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் எங்கள் பிரிவில் டீ சொல்லி அனுப்புவோம். 'எக்ஸ்பர்' கழித்துப் பூஜ்யம் வந்தால் 'தோல்வி' என்ற குறிப்போடு திரும்புகிறது. பாஷின் இரட்டை அடைப்பும் அப்படியே. தோல்வி வந்தால் நிறுத்து என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தால், கணக்கு நேரான அந்த நிமிஷத்தில் ஸ்கிரிப்ட் செத்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க இதைத் தேடியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. [ 10 > 9 ] என்று ஒப்பிடச் சொன்னால் ஆம் என்று வரும். மகிழ வேண்டாம். அது ஒப்பிடவே இல்லை; 9 என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிவிட்டு ஆம் என்றது. [ 9 > 10 ] என்றாலும் ஆம்தான், இந்தத் தடவை 10 என்று ஒரு கோப்பு. என் லேப்டாப்பில் எண்களைப் பெயராகக் கொண்ட அநாதைக் கோப்புகள் சில கிடந்ததற்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு கோஷ்டி என் மேல் பாய்கிறது. முதல் கோஷ்டி, "எல்லாம் கையேட்டில் இருக்கிறது" என்கிறது. இருக்கிறது, நானும் படித்தேன். தணிக்கைக்காரரிடம் 'விதிப் புத்தகத்தில் இருந்தது, நான் கவனிக்கவில்லை' என்று எந்த எழுத்தராவது தப்பித்திருக்கிறாரா?

இரண்டாவது கோஷ்டி என் பேரனுடையது. "தசமம் தெரிந்த கருவிக்குப் போ" என்பார்கள். அங்கே என்ன வாழ்கிறது? 'பிசி' என்று பழைய கருவி ஒன்று உண்டு. 1975-லேயே யூனிக்ஸில் இருந்தது. இரண்டு தசமம் வேண்டும் என்று சொல்லி, 2-ஐ 3-ஆல் வகுத்தால் .66 என்கிறது, வெட்டும், முழுமையாக்காது. 1-ஐ 3-ஆல் வகுத்து மறுபடி 3-ஆல் பெருக்கினால் .99. தசமம் வேண்டும் என்று சொல்ல மறந்தால் 53-ஐ 100-ஆல் வகுத்தது பூஜ்யம். பிறகு எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். 'ஆக்' பத்து லட்சத்தைத் தாண்டிய தொகையில் காசு ஒட்டிக்கொண்டிருந்தால், சாதாரணமாக அச்சிடச் சொன்னபோது 1234567.89-ஐ 1.23457 என்று எழுதிப் பக்கத்தில் பத்தின் ஆறாம் அடுக்கு என்று குறி போடுகிறது. விஞ்ஞானிகளுக்கு அழகு. வவுச்சரில் எழுத முடியுமா?

2025 ஜூலை முதல் அது 58 சதவீதம் ஆனது. பேரனிடம் ஃபோனிலேயே சொன்னேன்: "உன் பைத்தான்ல 0.58-ஐ நூறால பெருக்கி முழு எண்ணா மாத்து." தட்டினான். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என்னடா?"

"57ன்னு வருது தாத்தா."

'ஆக்' நிரலும் அதே 57-தான் சொல்கிறது. 0.58 என்ற எண்ணை இரட்டை அடிமானத்தில் முழுமையாக எழுத முடியாது. நூறால் பெருக்கினால் 58-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். முழு எண்ணாக்கினால் கீழே விழும். "டெசிமல் மாட்யூல்னு ஒண்ணு இருக்கு தாத்தா, அதுல சரியா வரும்" என்றான். இருக்கிறது, நல்ல சாமான்தான். ஆனால் மூன்று மாதமாகப் பைத்தான் பைத்தான் என்று சொன்னவன், 57 வந்த பிறகுதானே அந்தப் பெயரைச் சொன்னான்? ஒரு நியாயத்தையும் ஒத்துக்கொள்கிறேன்: இல்லாத பெயரைச் சொன்னால் பைத்தான் உடனே கத்துகிறது, 08 என்று எழுதினாலும் கத்துகிறது. அந்த வகையில் அது நல்ல எழுத்தர். பாஷ் அதனிடம் கற்றுக்கொள்ளட்டும்.

பணக் கணக்குக்குத் தசமமே வேண்டியதில்லை என்பதுதான் இவ்வளவுக்குப் பிறகு என் முடிவு. ரூபாய் முழு எண், சதவீதம் முழு எண். முதலில் பெருக்கு, கடைசியில் நூறால் வகு. அடுத்த ரூபாய்க்குப் போக வேண்டும் என்ற விதியை நானே எழுதுகிறேன்: $(((15850*53+99)/100)). விடை 8401. ஐம்பது காசு விதி வேண்டும் என்றால் 99 இருந்த இடத்தில் 50. மீதியைக் கீழே போடும் குணம், எதற்கு எத்தனை சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு உதவிதான். பாஷின் முழு எண் பத்தொன்பது இலக்கம் வரை தாங்கும். அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் எதிர்மறையாகத் திரும்பிவிடும். நம் ஓய்வூதியம் அந்த உயரத்தை எட்டினால் அதற்கு ஒரு தனிப் பதிவு எழுதுகிறேன்.

உள்ளே வரும் தொகையை இப்போது வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கிறேன். 0 முதல் 9 தவிர வேறு எந்த எழுத்து இருந்தாலும் வெளியே அனுப்பிவிடும். காற்புள்ளியை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே விடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். விட மாட்டேன். என் பிரெஞ்சுக் கை 12,50 என்று எழுதினால் அது 1,250 ஆகிவிடும். இந்த வாசல் சோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு: பாஷின் கணக்கு அடைப்புக்குள் போகும் சொல்லில் யாராவது ஓர் ஆணையை ஒளித்து வைத்தால், அது கணக்குப் போடும் சாக்கில் அந்த ஆணையை நிறைவேற்றிவிடும். கணக்குச் சீட்டில் 'பீரோவைத் திற' என்று எழுதியிருந்தால் திறந்து கொடுக்கும் எழுத்தரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

போன வாரம் அந்த அம்மா புதுப் பென்ஷன் சீட்டோடு வந்தார். முதலில் காகிதத்தில் போட்டேன். 15,850 பெருக்கல் 58, 9,19,300, ஒன்பதை நீக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 4. நூறால் வகுத்தால் 9,193, பின்னமே இல்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்கிரிப்டும் 9193 என்றது. சீட்டிலும் 9,193.

"இந்தத் தடவை ஏதாவது திருப்பணுமாண்ணே?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.